இருப்பிடமும் பள்ளியும்: தென்சென்னையில் நெருக்கடிக்காலக் குழந்தைகளின் கல்வி (1894–2015)

ஆய்வுச்சுருக்கம்

பஞ்சம், கொள்ளைநோய், போர், ஆழிப்பேரலை, வெள்ளம் ஆகியவற்றால் நிலைகுலைந்த குழந்தைகளுக்குக் கல்வி வழங்க மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் ஆகிய பகுதிகளில் பல காலங்களில் பலவகை ஏற்பாடுகள் உருவாயின. அவற்றை இக்கட்டுரை ஒரே தொடர்ச்சியாக வைத்து ஆராய்கிறது. குடியிருப்பை நாடிச் சென்ற பள்ளி, இல்லமே பள்ளியாக அமைந்த விடுதி, ஏதிலியர்க்குக் கதவு திறந்த பொதுப்பள்ளி, பேரிடருக்குப் பின் வீட்டைப் பள்ளியிடமிருந்து பிரித்த மறுகுடியமர்வு என நான்கு நிலைகள் இனங்காணப்படுகின்றன. நெருக்கடியில் சிக்கிய குழந்தை தொடர்ந்து படிப்பதைத் தீர்மானித்தது வகுப்பறைகளின் எண்ணிக்கையைவிட, இருப்பிடத்துக்கும் பள்ளிக்கும் இடையிலான உறவே என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: நெருக்கடிக்காலக் கல்வி, ஆல்காட் பள்ளி, ஔவை இல்லம், இலங்கைத் தமிழ் ஏதிலியர், ஆழிப்பேரலை, மறுகுடியமர்வு, செம்மஞ்சேரி.

முன்னுரை

நெருக்கடிக்காலக் கல்விக்கான குறைந்தபட்சத் தரநிலைகள் 2004 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் வெளியிடப்பட்டன. உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றோடு கல்வியும் உயிர்காக்கும் உதவியின் பகுதியே என்ற கருத்துக்கு உலக அளவில் ஏற்பு கிடைத்த தருணம் அது. அதே மாதம் 26ஆம் நாள் ஆழிப்பேரலை சென்னைக் கடற்கரையைத் தாக்கியது. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடைபெற்ற உலக மனிதநேய உச்சிமாநாட்டில் இத்துறைக்கெனத் தனி நிதியமும் தொடங்கப்பட்டது.

இவ்வரலாற்றைக் கடந்த இருபது ஆண்டுகளின் வரலாறாகக் கொள்வது வழக்கம். சென்னையின் தெற்கு, நடுப்பகுதிகளை நோக்கினால் இக்காலக்கணக்கு போதாது என்பது விளங்கும். ஆதரவற்ற குழந்தைகளுக்கும் ஒதுக்கப்பட்டோரின் குழந்தைகளுக்கும் கல்வி தரும் முயற்சிகள் இங்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தோன்றின. ஆயினும் அந்நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் நிறுவனர்களின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்படுகிறது. பேரிடர்களின் வரலாறோ நிவாரணத்தையும் வீட்டுவசதியையும் மையமாகக் கொள்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது ஒரு வினா எழுகிறது: நெருக்கடி வந்துற்றபோது எவ்வகை ஏற்பாடு குழந்தையைப் பள்ளியில் நிறுத்திவைத்தது, எது வெளியேற்றியது? இவ்வினாவை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது.

1. குடியிருப்பை நாடிச் சென்ற பள்ளி

1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. ஊர்ப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் பெருந்திரளானோர் சென்னைக்கு வந்தனர். அக்கால நிவாரணம் உணவையும் உழைப்பையும் மையமாகக் கொண்டிருந்தது. உழைக்க இயன்றவர்க்குப் பஞ்சவேலையும் இயலாதவர்க்குக் கஞ்சித்தொட்டியும் அளிக்கப்பட்டன. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைய அறிக்கையைத் தொடர்ந்து வகுக்கப்பட்ட பஞ்ச விதித்தொகுப்புகளும் இவ்வரையறைக்குள்ளேயே இயங்கின. குழந்தை அவற்றில் உணவூட்டப்பட வேண்டிய உயிராக இடம்பெற்றதே தவிர, கற்க வேண்டிய ஆளாக இடம்பெறவில்லை.

பஞ்சம் அனைவரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. நிலமற்ற கூலிகளான ஒடுக்கப்பட்ட சாதியினரே பெரும் இழப்புக்கு ஆளாயினர். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து அளித்த அறிக்கை, பஞ்சம் நீங்கிய பின்னும் நீங்காதிருந்த வறுமையை அரசின் முன் வைத்தது. இப்பின்னணியில் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1894இல் அடையாற்றில், பிரம்மஞான சபையின் வளாகத்தை ஒட்டி, பஞ்சமர் எனப்பட்டோரின் குழந்தைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இதனைத் தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் உருவாயின. மயிலாப்பூரில் அமைந்த பள்ளி திருவள்ளுவரின் பெயரைத் தாங்கியது.

இப்பள்ளிகளைப் பஞ்ச நிவாரணத்தின் நேரடி விளைவு எனக் கூறுதல் பொருந்தாது. அவை எதிர்கொண்டது ஒரு பருவத்தில் வந்துபோகும் பேரிடரை அன்று. பொதுப்பள்ளியின் வாயிலிலேயே குழந்தையைத் தடுத்த தீண்டாமை என்னும் நிலைத்த நெருக்கடியை. ஆயினும் அவற்றின் அமைப்புமுறையில் பின்வரும் காலத்துக்கான ஒரு குறிப்பு உண்டு. குழந்தைகள் வாழ்ந்த சேரிகளுக்கு அருகிலேயே பள்ளிகள் அமைந்தன. குழந்தை பள்ளியைத் தேடி வரும் என்று காத்திராமல், பள்ளி குடியிருப்பைத் தேடிச் சென்றது.

பசியும் கல்வியும் பிரிக்க இயலாதவை என்பதை மாநகராட்சி அடுத்து உணர்ந்தது. பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில், மதிய உணவு வழங்க முடிவு செய்தது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது. தொடக்கக்கல்வி நிதியிலிருந்து இச்செலவை மேற்கொள்ள அரசு இசையாமையால் 1925இல் அது நின்றது. 1927இல் மீண்டும் தொடர்ந்தது. உணவு கல்விச்செலவா, அறச்செலவா என்ற கணக்குத் தகராறே அந்த இடைவெளிக்குக் காரணம். நிவாரணமும் கல்வியும் வெவ்வேறு தலைப்புகளில் எழுதப்படும்போது குழந்தை இரண்டுக்கும் நடுவில் விடுபட்டுப்போகும் என்பதற்கு இது ஒரு தொடக்ககாலச் சான்று.

2. இல்லமே பள்ளியாக

வீடே அழிந்துபோன குழந்தைக்கு அருகமைப் பள்ளி மட்டும் போதாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இப்பகுதியில் தோன்றிய இல்லங்கள் இக்குறையை நிரப்ப முற்பட்டன. மயிலாப்பூர் இராமகிருஷ்ண மாணவர் இல்லம் 1905இல் சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் முயற்சியால் ஏழு மாணவர்களுடன் தொடங்கியது. கோவையில் கொள்ளைநோய்க்குப் பெரியவர்களைப் பறிகொடுத்துத் தனித்து நின்ற பிள்ளைகளின் நிலையே இதற்குத் தூண்டுதலாயிற்று என்பது அவ்வில்லத்தின் நிறுவன மரபு. சிறிய வாடகை வீட்டில் உருவான இல்லம் பின்னர் மயிலாப்பூரிலேயே சொந்தக் கட்டடத்துக்கு மாறி, உறைவிடப் பள்ளியாகவும் தொழிற்கல்வி நிறுவனமாகவும் வளர்ந்தது.

ஔவை இல்லத்தின் தோற்றம் வேறொரு வகை நெருக்கடியைச் சார்ந்தது. தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, அம்முறையிலிருந்து வெளியேறிவந்த சிறுமியர்க்கு இடம் தேடினார். நகரின் மாணவியர் விடுதிகள் சாதி அடிப்படையில் பிரிந்திருந்தன. அச்சிறுமியரை ஏற்க அவை முன்வரவில்லை. 1930இல் அவர் தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதுவே பின்னர் அடையாற்றில் ஔவை இல்லமாகவும் அதனைச் சார்ந்த பள்ளியாகவும் நிலைபெற்றது.

இந்நிகழ்வு ஒரு பொதுவான உண்மையை வெளிப்படுத்துகிறது. தேவதாசி முறைக்கெதிரான சட்டம் ஒரு வாழ்க்கைமுறையை முடித்துவைக்க முற்பட்டது; அவ்வாழ்க்கையிலிருந்து வெளியேறும் குழந்தை எங்கே உறங்கும், எப்பள்ளியில் பயிலும் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. சீர்திருத்தமே ஒரு குழந்தைக்கு இடப்பெயர்வாக மாறக்கூடும் என்பதை உணர்ந்து, சட்டம் விட்ட இடத்தை நிரப்பியதே ஔவை இல்லத்தின் வரலாற்றுச் சிறப்பு. விடுதலைக்குப் பின் 1949இல் காமராசரின் ஆதரவோடு தியாகராய நகரில் தொடங்கிய பால மந்திர் இம்மரபை ஆதரவற்ற மழலையரிடம் கொண்டுசென்றது.

இல்லங்களின் வலிமை உறைவிடம், உணவு, பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்ததில் இருந்தது. தொலைவு என்ற சிக்கலுக்கே அங்கு இடமில்லை. அவற்றின் வரம்பும் அதே இடத்தில்தான் அமைந்தது. வளாகத்தின் கொள்ளளவே உதவியின் கொள்ளளவாயிற்று. உயிரோடிருந்த உறவினரும் வறுமையின் காரணமாகக் குழந்தையை இல்லத்தில் விட நேர்ந்தபோது, கல்விக்கு விலையாகக் குடும்பத்தைப் பிரிய வேண்டியிருந்தது. குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும் என 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் கூறுவது இவ்வரம்பை ஏற்பதன் விளைவே. பல்லாயிரம் குடும்பங்கள் ஒருசேர இடம்பெயரும் நெருக்கடிக்கு இல்லம் விடையாக இயலாது. 1983 அத்தகைய நெருக்கடியைக் கொண்டுவந்தது.

3. பொதுப்பள்ளியின் கதவு

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் கடல்கடந்து தமிழ்நாட்டுக்கு வரத் தொடங்கினர். 1987 ஜூலை வரையிலான முதல் அலையில் மட்டும் 1,34,053 பேர் வந்தனர். 1983 முதல் வந்தோரின் மொத்த எண்ணிக்கை 3,04,269 என அரசு கணக்கிட்டுள்ளது. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஏதிலியர்க்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஆகவே ஏதிலிக் குழந்தையின் கல்வி சட்ட உரிமையாக அன்றி, மாநில அரசின் நிர்வாக முடிவாகவே தொடங்கியது.

அம்முடிவின் சாரம் எளியது: தனிப்பள்ளி அமைக்காமல், முகாமுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியிலேயே சேர்த்தல். திபெத்திய ஏதிலியர்க்கு நடுவண் அரசு 1961இல் தனிப்பள்ளி நிருவாக அமைப்பை ஏற்படுத்தியது. பாலஸ்தீன ஏதிலியர்க்கு ஐ.நா. நிறுவனம் 1950 முதல் தனிப்பள்ளிகளை நடத்தியது. தமிழ்நாட்டில் மொழி ஒன்றாக இருந்தமையால் மூன்றாவது வழி இயலக்கூடியதாயிற்று. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் விலையில்லாப் பாடநூலும் முகாம் குழந்தைக்கும் உள்ளூர்க் குழந்தைக்கும் ஒரே வரிசையில் கிடைத்தன.

பள்ளியில் சேர்வது மட்டும் போதாது என்பதும் விரைவில் தெரிந்தது. வேறொரு பாடத்திட்டத்திலிருந்து, சான்றிதழின்றி, இடையில் படிப்பை விட்டு வந்த குழந்தைகளுக்குத் துணைக்கல்வி தேவைப்பட்டது. எஸ்.சி. சந்திரகாசன் தலைமையில் 1984இல் சென்னையில் உருவான ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மழலையர் கல்வியையும் மாலைநேர வகுப்புகளையும் வளர்த்தது. முகாமில் வாழ்ந்த படித்த இளைஞர்களே ஆசிரியர்களாயினர். பகலில் பொதுப்பள்ளி, மாலையில் முகாம் வகுப்பு என்ற இவ்விரட்டை அமைப்பு, இல்லமுறையின் அரவணைப்பைக் குடும்பத்திலிருந்து பிரிக்காமலேயே வழங்கியது. முகாமுக்கு வெளியே சென்னையின் வாடகை வீடுகளில் வாழ்ந்த ஏதிலியர்க்கு இத்தகைய துணை எளிதில் எட்டவில்லை; அவர்களின் குழந்தைகள் பெற்றோரின் வருவாயையே நம்பிப் பயின்றனர்.

நிர்வாக முடிவால் வந்த உரிமை நிர்வாக முடிவாலேயே சுருங்கவும் கூடும். 1991 மே மாதம் இராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பின் கல்லூரிகளில் ஏதிலி மாணவர்க்கு இருந்த வாய்ப்புகள் அடைபட்டன; முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்களின் பணியும் முடக்கப்பட்டது. அக்கொலையோடு எவ்வகையிலும் தொடர்பற்ற பதினேழு வயது மாணவர் பன்னிரண்டாம் வகுப்போடு நிற்க நேர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் உயர்கல்விக் கதவு மீண்டும் திறந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்த 317 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களுள் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கான கட்டண உதவியும் இடம்பெற்றது. அப்போது 58,822 பேர் முகாம்களில் வாழ்ந்தனர். முகாமிலேயே பிறந்து பட்டம் பெற்றவருக்கும் குடியுரிமை இன்மையால் அரசுப் பணி எட்டாமலே உள்ளது. பள்ளி திறந்த கதவு வாழ்வின் அடுத்த கதவு வரை இட்டுச்செல்லவில்லை என்பது இம்முறையின் தீராத குறை.

4. பிரிந்த வீடும் பள்ளியும்

இருபத்தோராம் நூற்றாண்டின் பேரிடர்கள் வேறொரு சிக்கலை வெளிக்கொணர்ந்தன. 2004 ஆழிப்பேரலையில் சென்னையில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மயிலாப்பூருக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் ஆகிய குடியிருப்புகள் கடும் சேதமடைந்தன. முகத்துவாரத்தின் தென்புறத்தில் ஊரூர், ஆல்காட் குப்பங்களும் பாதிக்கப்பட்டன. உடனடி நிவாரணத்தில் கல்விக்கு இடமிருந்தது. பாடநூலும் சீருடையும் வழங்கப்பட்டன, பள்ளிகள் விரைவில் திறந்தன.

இடர் மறுகுடியமர்வில் நேர்ந்தது. கடற்கரைக் குடும்பங்களில் பலவற்றுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய செம்மஞ்சேரியில் குடிசை மாற்று வாரியம் வீடு ஒதுக்கியது. அங்கு 6,764 குடியிருப்புகள் எழுந்தன. அதற்கு முன்பே ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகர், நகரின் ஆற்றோர, சாலையோர மக்களை ஏற்றுக்கொண்டு 15,656 குடியிருப்புகள் வரை வளர்ந்திருந்தது. வீடுகள் எழுந்த வேகத்தில் பள்ளிகளும் அங்கன்வாடிகளும் எழவில்லை. குழந்தை பழைய பள்ளியிலேயே தொடர வேண்டுமாயின் விடியலில் பேருந்து ஏற வேண்டும். புதிய பள்ளியில் சேர வேண்டுமாயின் நெரிசல் மிகுந்த வகுப்பில் இடம் தேட வேண்டும். இரண்டும் இயலாதபோது படிப்பு நின்றது. தாய் நகரத்து வீடுகளில் வேலைக்குத் திரும்பிச் சென்றதும் தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பு மூத்த பெண்குழந்தையின் மேல் விழுந்தது.

இங்கு ஓர் ஒப்பீடு பொருத்தமுடையது. ஊரூர்க் குப்பத்தில் தங்கிவிட்ட குடும்பத்தின் குழந்தைக்கு, 1894இல் தொடங்கிய ஆல்காட் பள்ளி நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தது. செம்மஞ்சேரிக்குச் சென்ற குழந்தை அலையில் தப்பிய பின், பாதுகாப்பின் பெயரால் பள்ளியை இழக்கும் நிலைக்கு ஆளானது. முதல் இடப்பெயர்வைக் கடல் செய்தது. இரண்டாவதைத் திட்டம் செய்தது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இந்நிலையை மாற்றியிருக்க வேண்டும். அதன்படி அமைந்த விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளியை வலியுறுத்துகின்றன. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் வயதுச் சான்று இல்லாவிடினும் சேர்க்கையை மறுக்கலாகாது என்பதும் சட்டம். ஏதிலிக் குழந்தைக்கு 1980களில் நிர்வாகத்தின் பரிவால் கிடைத்தது இப்போது எல்லாக் குழந்தைக்கும் உரிமையாயிற்று.

2015ஆம் ஆண்டின் வெள்ளம் அவ்வுரிமையைச் சோதித்தது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னைப் பள்ளிகள் பல வாரங்கள் மூடப்பட்டன. அரையாண்டுத் தேர்வு சனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நனைந்துபோன சான்றிதழ்களுக்கு மாற்றுப்படி வழங்கச் சிறப்பு முகாம்கள் நடந்தன. பள்ளியையும் தாளையும் சார்ந்த இவ்விடையூறுகளை நிர்வாகம் திறம்படக் கையாண்டது எனலாம். ஆனால் அதே வெள்ளத்தைத் தொடர்ந்து அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவிலேயே பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு அகற்றப்பட்டன. பொதுத்தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. கல்வித்துறை தேர்வைத் தள்ளிவைத்துக் குழந்தைக்குக் காலம் தந்தபோது, மறுகுடியமர்வு குழந்தையைப் பள்ளியிலிருந்தே தள்ளிவைத்தது. ஒரே அரசின் இரு துறைகள் ஒரே குழந்தையை வெவ்வேறு நாட்காட்டிகளில் கண்டன. 1925இல் மதிய உணவை நிறுத்திய கணக்குப் பிரிவினையின் மறுவடிவமே இது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, நிலைத்த முயற்சிகள் அனைத்தும் இருப்பிடத்தையும் பள்ளியையும் ஏதேனும் ஒரு வகையில் இணைத்தன. ஆல்காட் பள்ளிகள் குடியிருப்புக்கு அருகில் சென்றன. இல்லங்கள் இரண்டையும் ஒன்றாக்கின. ஏதிலியர் கல்வி முகாமையும் அருகமைப் பள்ளியையும் மாலை வகுப்பால் பிணைத்தது. கொரோனா முடக்கத்துக்குப் பின் 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், குடியிருப்புக்குள்ளேயே தன்னார்வலரைக் கொண்டு மாலையில் கற்பித்தபோது, முகாம் வகுப்புகள் முன்பே கண்டறிந்த வழியையே மாநிலம் முழுவதற்கும் விரித்தது.

இரண்டாவது, கருணையிலிருந்து உரிமைக்கு நகர்ந்த இவ்வரலாறு நேர்க்கோடாக அமையவில்லை. சட்ட உரிமையற்ற ஏதிலிக் குழந்தை முகாமின் அருகிலேயே பள்ளியைப் பெற்றது. சட்ட உரிமை பெற்ற நகர்ப்புறக் குழந்தை மறுகுடியமர்வில் பள்ளியை இழந்தது. உரிமையைச் சட்டத்தில் எழுதுவதோடு, அவ்வுரிமை செல்லும் தொலைவையும் கணக்கிட வேண்டியுள்ளது.

மூன்றாவது, நெருக்கடிக்காலக் கல்வியை விரிவாக்குதல் என்பது புதிய வகுப்பறைகளையும் நிதியையும் சேர்ப்பதாக மட்டும் புரிந்துகொள்ளப்படுமாயின், சென்னையின் பட்டறிவு பயன்படாமற்போகும். ஒரு குடும்பத்துக்கு வீடு ஒதுக்கும் ஆணையிலேயே குழந்தை சேரும் பள்ளியும் குறிக்கப்படுதல், கல்வியாண்டு முடியும்வரை அகற்றத்தை நிறுத்திவைத்தல், வீடுகள் குடியேற்றத்துக்குத் திறக்கும் நாளிலேயே பள்ளியும் திறத்தல் ஆகிய மூன்றும் பெரும் செலவை வேண்டாதவை. துறைகளுக்கிடையே இசைவை வேண்டுபவை. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் ஆகிய குடியிருப்புகளின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளை வீட்டு ஒதுக்கீட்டு ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்வது, இவ்வரலாற்றின் அடுத்த பகுதியை எழுதத் துணைபுரியும்.